மூலிகையும் பொறுப்பும்

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வழியே குற்றாலத்துக்குக் கூட்டம் பெருகும். அங்குள்ள கடைகளில் வேரும் பட்டையும் வாங்கி, "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று பிள்ளைகளுக்கும் கொடுப்போர் நம்மில் உண்டு. இது சரிதானா?

நிவாரணமில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி. ஆகவே மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறன்று. ஆனால், மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பலரின் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒரு வேருக்குப் பதிலாக வேறொரு வேர் சேர்ந்ததே காரணம். நம் நாட்டில் விஷக்கடிக்கு மருந்தென வழங்கிவரும் ஈஸ்வரமூலியும் அந்த வேரின் இனமே. அதே நச்சு இதிலும் உண்டு.

'நம் நிய்யத் நல்லதுதானே' எனலாம். நிய்யத்துக்குக் கூலி உண்டு; ஆனால் அது பழுதான சிறுநீரகத்தைச் சீராக்காது. பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். தேர்ந்த சித்த, யூனானி வைத்தியரிடம் காட்டிக் கேட்ட பின்பே கொடுப்போம். அறிந்து நடக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.