முந்துவதும் வலம் வருவதும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எல்டோரா என்றொரு மண் ஓட்டப்பாதை இருக்கிறது. 1954இல் தொடங்கியது. சுற்றளவு அரை மைல்தான். வளைவுகளில் தரை 24 டிகிரி சாய்ந்து, வெளிப்பக்கம் சுவர் போல உயர்ந்து நிற்கும். அங்கே ஸ்டாக் கார் பந்தயத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவருக்கு, இரைச்சலும் புழுதியும் கொஞ்சம் பழகியதும் ஒரு கேள்வி வந்தே தீரும். இவ்வளவு வேகமாக ஓடி இவர்கள் எங்கே போகிறார்கள்? புறப்பட்ட கோட்டுக்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள். வீண் ஓட்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பழனிக்குப் போகும் வழியில் இருக்கிற செம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. தைப்பூசத்துக்கு வத்தலக்குண்டுப் பக்கமிருந்து செம்பட்டி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள், பஸ் ஓடுகிற சாலையின் ஓரமாகத்தான் நடக்கிறார்கள். சித்திரைக் கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும், அக்னி நட்சத்திர வெயிலில், கடம்பம் பூ சூடிக்கொண்டு பழனி மலையைச் சுற்றி வருகிறார்கள். சுற்றி முடித்தவர் நிற்பதும் புறப்பட்ட இடத்தில்தான். ஆகவே எங்கும் போய்ச் சேரவில்லை என்பதற்காக ஒரு சுற்றைக் குறை சொல்ல முடியாது. பந்தயச் சுற்றுக்கும் கிரிவலத்துக்கும் வேறுபாடு உண்டென்றால் அதை வேறெங்கோ தேட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடன் வருபவர் யாரும் இல்லாவிட்டாலும் முழுமையாக இருப்பது வலம். நள்ளிரவில் ஒருவர் தனியாகப் பழனி மலையைச் சுற்றினால் அதில் எதுவும் குறைவதில்லை. அதே ஆள் எல்டோராவில் தனியாக நூறு சுற்று ஓட்டினாலும் அது பயிற்சி என்ற கணக்கில்தான் வரும். பந்தயத்துக்குப் பின்தங்குகிற ஒருவர் வேண்டும். ஒருவருடைய நிறைவு இன்னொருவருடைய குறையால் ஆகிறது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். (ஸ்டாக் கார்கள் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி அப்பிரதட்சிணமாக ஓடுகின்றன என்பதைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் அது வெறும் சாமர்த்தியப் பேச்சு.)

இதற்குக் கொங்கு நாட்டு ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயமே மறுப்பு என்று ஒருவர் சொல்லலாம். அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்துக்கு வண்டிகளைத் தனித்தனியே விட்டு நேரம் எடுக்கிறார்கள். பக்கத்தில் போட்டி வண்டியே கிடையாது. உண்மைதான். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குள் முன்னால் ஓடிய வண்டிகள் எல்லாம் இருக்கின்றன. இத்தனை வினாடி என்று ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டம் அந்த எண்ணைத் தனியாகக் கேட்பதில்லை, மற்ற வண்டிகளின் எண்களோடு சேர்த்தே கேட்கிறது. பந்தயக் கார் ஓட்டுகிறவர் தன்னையே மறந்துவிடுகிறாரே, அது தியானத்துக்கு நெருங்கியதல்லவா என்ற கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. மண் பாதையில் கார் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே வளைவில் போகிறது. இடப்புறம் திரும்ப ஸ்டீயரிங்கை வலப்புறம் ஒடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தில் பரிசும் புகழும் நினைவில் நிற்க இடமே இல்லை. ஓட்டுநருக்குள் வலத்தின் சாயல் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க வந்தது அந்த மறதியை அல்ல. எல்லாக் கார்களும் வரிசை மாறாமல் ஓடினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். பந்தயம் நிற்பது அவர்களுடைய ஆசையின் மேல்தான்.

இன்னும் வலுவான மறுப்பைப் பழனியே தருகிறது. தலபுராணத்தில் இருப்பதே ஒரு பந்தயம். உலகை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்கிறார்கள். முருகன் மயிலேறிப் போகிறார். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்கிறார். பிள்ளையாரின் புத்தியை மெச்சுவதோடு கதையை நிறுத்திவிடுகிறோம். நீண்ட வழியில் போனவர் ஏமாளி ஆகிவிடுகிறார். எல்டோராவின் சாய்ந்த மண்ணில், குட்டை வழிக்கே வெற்றி என்ற இந்தக் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. உள்ளோரப் பாதை குட்டையானது. ஆனால் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்து அது இறுகி வழுக்கத் தொடங்குகிறது. அங்கிருந்து சிதறிய மண் வெளியோரத்தில் மெத்தை போலக் குவிகிறது. அந்த மேட்டோரம் போகிற கார் கூடுதல் தூரம் ஓடுகிறது, ஆனால் பிடிமானம் கிடைப்பதால் வேகம் குறையாமல் முந்திவிடவும் முடிகிறது. எது நல்ல வழி என்பது ஓட ஓட மாறுகிறது. பழனிக் கதையிலும் நீண்ட வழி போனவருக்குப் பழம் கிடைக்கவில்லை, மலை கிடைத்தது. லட்சம் பேர் நடந்து போவது தோற்றவரைப் பார்க்கத்தான். போட்டியைத் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்தக் கதையைச் சாட்சியாகக் கூப்பிட்டால், அது தோற்றவர் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

பக்தர்கள் மட்டும் போட்டியில்லாதவர்களா என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும். முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போகிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமைத் தகராறோடு நின்றுபோன தேர், பல ஆண்டுகள் கழித்து 2024 ஜூனில்தான் திருவிழாவில் மறுபடி ஓடியது. கோயிலைச் சுற்றுவதாலேயே ஒரு சுற்று வலமாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நான் சொன்ன வேறுபாடு மண் பாதைக்கும் மாடவீதிக்கும் இடையில் இல்லை. இரண்டு இடத்திலும், சுற்றுகிறவர் மனசுக்குள் இருக்கிறது.

இவ்வளவையும் வெறும் தத்துவமாக விட்டுவிட முடியாதபடி ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை இருக்கிறது. அது மண்ணும் சாய்வும் இல்லாத தார்ப்பாதை. 2023 ஜனவரியில் அங்கே சலூன் கார் பந்தயத்தில் 59 வயது மூத்த ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பந்தயத்தைத் தடை செய்யச் சொல்ல எனக்கு இதில் காரணம் தெரியவில்லை. அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் ஏற்றுக்கொள்கிற சமூகம், ஆபத்து என்ற ஒரே சொல்லை வைத்துப் பந்தயத்தை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை. 59 வயதுக்காரர் முந்துவதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் மறுபடி பாதையில் இறங்கியவர். அதை அவருடைய முடிவு என்று ஏற்க முடிகிறது. 13 வயதில் முந்துவது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வயதுப் பிள்ளையைப் பந்தயத்தில் இறக்கிவிட்டு, அவனே விரும்பித்தான் ஓடினான் என்று பெரியவர்கள் சொன்னால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.