கலாகர்ஷணமும் தரவு ஏற்றுமதியும்

ஓர் அட்டவணையைச் செயலிக்குள்ளிருந்தே வெளியே எடுக்கும்போது உண்மையில் வெளியேறுவது எது என்ற கேள்வி, பொருளுக்கும் அதன் சார்புக்கும் உள்ள உறவு பற்றிய பழைய தத்துவக் கேள்வியே ஆகும். மலாக்காவில் இதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் முதல் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் வரை, திருவிழா நாளொன்றின் பூசைச் செலவை ஒரு குடும்பமோ குழுவோ ஏற்பதை உபயம் என்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஜாசின், அலோர் காஜா தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபின், உபயக்காரர் பட்டியலே அச்சமூகத்தின் எஞ்சிய உருவமாகிவிடுகிறது.

அப்பட்டியல் கணினியில் இருப்பின், குடும்பம் ஓர் அட்டவணையிலும் உபய நாள் மற்றோர் அட்டவணையிலும் நிற்க, இரண்டையும் இணைப்பது குடும்ப எண் ஒன்றே. செயலி வரிசைகளைத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பெற்று, காற்புள்ளியால் புலங்களைப் பிரிக்கும் உரைக்கோப்பாக, அதாவது சிஎஸ்வி கோப்பாக எழுதும்போது, எழுத்துகள் வெளியேறுகின்றன. உபய அட்டவணையின் குடும்ப எண் குடும்ப அட்டவணையின் எண்ணையே சுட்டவேண்டும் என்ற விதியோ உள்ளேயே தங்கிவிடுகிறது. முகவரியிலுள்ள காற்புள்ளியை மேற்கோள்குறிக்குள் அடைக்காவிட்டால் அடுத்தடுத்த புலங்கள் இடம்பெயர்ந்து, நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் அமர்ந்துவிடும். யூடிஎஃப்-8 குறியேற்றத்தை விட்டு, லத்தீன் எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள குறியேற்றத்தில் எழுதினால், கார்த்திகை என்பது மீட்கவியலாத கேள்விக்குறிகளாகலாம்.

உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையதாகும் என்பது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய சைவ சித்தாந்தக் கொள்கை. அவ்வாறே, ஒரு பெயர் நாளோடும் தெய்வத்தோடும் சார்ந்து நிற்கும்போதுதான் உபயக்காரரைக் குறிக்கிறது. அச்சார்பை விட்டு எடுத்த கோப்பு வெறும் பெயர்க்குவியலே.

ஆகம மரபு இத்தகைய பெயர்ச்சியை ஆழ்ந்து எண்ணியிருக்கிறது. திருப்பணிக்கு முன் மூலவரிடத்து விளங்கும் தெய்வக் கலைகளைக் கும்பநீரில் ஈர்ப்பது கலாகர்ஷணம் எனப்படும். அவற்றைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சிற்றாலயத்தில் நிலைநிறுத்திப் பூசை தொடங்கிய பின்னரே கருவறையில் வேலை நடக்கும். ஏற்றுமதி மூலத்தை வெறுமையாக்காமல் நகலெடுப்பது மட்டுமே என்ற வேறுபாடு மெய்தான். ஆயினும் கோப்பு பிறந்தவுடனே பணி முடிந்ததென்று பழைய கணினியை அழிக்கும் அவசரம் அதனாலேயே எழுகிறது. வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துப்போவது மட்டும் போதாது. எல்லா அட்டவணைகளையும் ஒரே நேரத்து நிலையில் எடுத்து, வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றி, மலாக்காவின் சன்னாசிமலைக் கோயில் மாசி மகத் திருவிழாவின் உபயக் குடும்பம் ஒன்றின் பெயர், நட்சத்திரம், நாள் ஆகியவற்றைப் பழைய, புதிய தரவுத்தளங்கள் இரண்டிலும் வாய்விட்டு வாசித்து ஒப்பிட்ட பின்னரே பழையதன்மீது கைவைக்கலாம்.