எருக்கும் வெள்ளெருக்கும்

ரத சப்தமியன்று ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுகிறவர்களும், விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை சாத்துகிறவர்களும், மற்ற நாட்களில் ஏரிக்கரையிலும் சுடுகாட்டு மேட்டிலும் தானாக வளர்ந்து கிடக்கும் அந்தச் செடியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் அதே செடி ஊதாவை விட்டு வெள்ளையாகப் பூத்துவிட்டால் அதற்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது. அதன் வேரில் பிள்ளையார் செதுக்குகிறார்கள். திருஎருக்கத்தம்புலியூரில் அதுவே தல விருட்சம். ஊதா எருக்கும் வெள்ளெருக்கும் இரண்டு ஜாதியா, ஒரே ஜாதியா என்று கேட்டால், பக்தர் சற்றும் தயங்காமல் இரண்டென்றே சொல்லுவார்.

ஒரு பூவைப் பறித்து, கையில் பால் படாமல், நிதானமாகப் பார்க்கலாம். நம் ஊர் எருக்கின் ஐந்து இதழ்களும் மெழுகுபோல் தடித்து, விரிந்து, பின்னோக்கி மடிந்திருக்கும். நடுவே ஒரு கிரீடம். அதன் ஐந்து பிரிவுகளும் நடுத்தூணின் உச்சியை எட்டாமல் நிற்கும். ஒவ்வொரு பிரிவின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, இருபுறமும் காது போன்ற இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும். வெள்ளைப் பூவைப் பறித்துப் பார்த்தாலும் இதே மடிப்பு, இதே கிரீடம், இதே காதுகள். நிறம் ஒன்றைத் தவிர வேறு பேதமில்லை. தாவர நூலார் இரண்டையும் கலோட்ரோபிஸ் ஜைகான்டியா என்ற ஒரே பெயரால் வழங்குகின்றனர். இதில் ஜைகான்டியா என்ற பின்பாதி 1753-இல் லின்னேயஸ் இட்டது. மெய்யாகவே வேறான எருக்கு இன்னொன்று உண்டு. கலோட்ரோபிஸ் புரோசெரா என்னும் அது, ராஜஸ்தான் போன்ற வறண்ட வடநாட்டு நிலங்களிலும், அதற்கப்பால் அரபு நாடுகள், ஆப்பிரிக்கா வரையிலும் மிகுதியாக வளர்வது. அதன் இதழ்கள் மடியாமல் நிமிர்ந்து, வெண்மையில் நுனி மட்டும் செவ்வூதா தோய்ந்திருக்கும். மொக்கு உருண்டையாக இருக்கும். கிரீடத்தில் அந்தக் காதுகள் இரா. காய் ஊதிய பந்துபோல் பருத்திருக்கும்.

இங்கேதான் பழைய தர்க்க விசாரம் ஒன்று எழுகிறது. பல செடிகளை ஒரே பெயரால் அழைக்கிறோமே, அந்த ஒருமை செடிகளில் இருக்கிறதா, நம் மனத்தில் இருக்கிறதா? மணிமேகலையில் தன் சமயத்தை எடுத்துரைக்கும் வைசேடிகவாதி, சாமானியத்தையும் விசேடத்தையும் உலகின் மெய்ப்பொருள்களுள் வைத்து எண்ணுகிறான். அவன் கொள்கைப்படி எருக்குத் தன்மை என்பது எருக்குகளிலேயே உறைவது. காஞ்சிக்கு அருகே பிறந்தவரென்று பரம்பரை கூறும் பௌத்தத் தர்க்க ஆசிரியர் திக்நாகரோ அதை மறுத்து, எருக்கு என்னும் சொல் எருக்கல்லாதவற்றை விலக்குகிறதேயன்றி, எல்லா எருக்கிலும் குடியிருக்கும் ஒரு பொதுப்பொருளைச் சுட்டவில்லை என்றார்.

திக்நாகர் பக்கம் நியாயம் இருப்பதுபோல் முதலில் தோன்றும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு ஜைகான்டியா, புரோசெரா என்னும் இருவகை எருக்கின் இலையையும் தின்று வளர்கிறது; அதற்கு இரண்டும் ஒன்றே. தாவர நூலார்க்கு அவை இரண்டு. பக்தரோ வேறோரிடத்தில் கோடு கிழிக்கிறார். அவரவர் பயனுக்கேற்ப அவரவர் கோடு என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிமிர்ந்த இதழைக் கண்டால், புகையைக் கண்டு தீயை அனுமானிப்பதுபோல, உருண்ட மொக்கையும் காதற்ற கிரீடத்தையும் பந்து போன்ற காயையும் காணாமலே அனுமானிக்கலாம். வெண்மையைக் கண்டோ வேறெதையும் அனுமானிக்க முடியாது. ஓர் அடையாளம் பல அடையாளங்களைத் துணைக்கு அழைத்து வருமானால் அது பொருளின் பேதம். தன்னந்தனியே வந்து நிற்குமானால் அது பெரும்பாலும் நம் கண்ணின் பேதம்.

அப்படியானால் வெள்ளெருக்குக்குச் செய்யும் மரியாதை பொய்யா? நல்ல பூவென்றும் தீய பூவென்றும் எண்ணப்படாத எருக்கையும், தன்னிடம் உள்ளது இதுவென்று ஒருவன் கொடுத்தால், தெய்வம் வேண்டாமென்னாது என்ற கருத்தைப் பாரியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் கபிலர் வைத்திருக்கிறார். ஏற்கிறவனிடம் நிறபேதம் இல்லை. பேதம் கொடுக்கிறவனிடம் இருக்கிறது. அவன் வெண்மையைத் தூய்மையின் குறியாகக் கொண்டு மனம் ஒருமிப்பானாகில் அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. குறியையே பொருளென்று மயங்கி, புனிதமென்ற காரணத்தாலேயே அந்தச் செடியை வேரோடு கெல்லி எடுப்பதுதான் அவிவேகம்.

இதற்கு மறுகோடியில் இன்னொரு மயக்கமும் உண்டு. எல்லாம் ஒன்றே என்று அத்வைத வார்த்தை பேசி, எதையும் உற்றுப் பாராமல் இருந்துவிடுவது அது. பேதத்தைப் பார்த்துக் கடந்தவன் சொல்லும் அபேதம் ஞானம்; பார்க்காமலே சொல்லும் அபேதம் சோம்பல். வேதாந்திகள் சாதனங்களுள் முதலாவதாக விவேகத்தை, நித்தியத்தையும் அநித்தியத்தையும் பகுத்தறிவதை, வைத்தது காரணமில்லாமல் அல்ல.

வருகிற சதுர்த்திக்கு எருக்கு பறிக்கப் போகிறவர்கள், மாலை கட்டுமுன் ஒரு பூவையாவது கையிலெடுத்து, அதன் இதழ் மடிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். அந்தப் பார்வையும் பூஜையில் சேர்ந்ததே.