துருவும் உண்மையும்

பழைய கார் ஒன்றைச் சீர்செய்வோர் இயந்திரத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கையே அதன் எண்பலகைக்குக் காட்டுகின்றனர். ஆயினும் அறம் சார்ந்த கேள்வி ஒன்று எழுவது அந்தத் தகட்டிலிருந்துதான். துருவேறி ஓர் இலக்கம் அழிந்து போயிருந்தால், அதனை நாமே ஊகித்து எழுதிவிடலாமா?

எண்பலகை வெறும் அணிகலன் அன்று. அது ஒரு சாட்சி. மதராஸ் மாநில நாள்களில் பதிவான வண்டிகளின் எண்கள் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கின. அந்நாளில் உடையார்பாளையம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று அது அரியலூர் மாவட்டம். வண்டிகளின் எண் ‘டி.என். 61’ எனத் தொடங்குகிறது. ஆகவே கறுப்புத் தகட்டில் மங்கிக் கிடக்கும் ஒரு பழைய ‘எம்’, மறைந்துபோன ஒரு நிருவாக அமைப்பையே நமக்கு நினைவூட்டுகிறது.

சிதைந்ததைச் சீர்செய்வது எவ்வாறு என்பதை உ.வே. சாமிநாதையரிடம் நாம் கற்கலாம். அவருடைய தந்தையாருக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் அரண்மனை வித்துவானாக விளங்கியவர். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களை ஐயர் தம் புலமையால் இட்டு நிரப்பவில்லை, புள்ளிகளிட்டே விட்டார். நிரப்பும் ஆற்றல் உடையவர் நிரப்பாது நின்றதே அப்பதிப்பின் நேர்மை.

தகட்டுக்கும் இந்நெறி பொருந்தும். சுரண்டுமுன் அதனைப் படமெடுத்தல் வேண்டும். இருட்டறையில் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், மேற்பூச்சின் அடியில் கிடக்கும் பழைய எழுத்தின் மேடு நிழலாய்த் தெரியக்கூடும். பின்னரே மென்மையாகத் துரு நீக்கி, நெளிந்த இடத்தை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி, துருத்தடுப்புப் பூச்சிட்டு, எஞ்சிய எழுத்தின் வடிவையே பின்பற்றி வண்ணம் தீட்டலாம். அழிந்த இலக்கத்தைப் பதிவுச் சான்றும் சேசிஸ் எண்ணும் உறுதிசெய்தால் எழுதலாம். இல்லையேல் அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும். ஊகித்து எழுதிய இலக்கம் எவ்வளவு அழகாயினும், வேறொருவர் வண்டியின் பெயரைக் களவாடியதாகிவிடக் கூடும்.

பழைய தகட்டையே சாலையிலும் பூட்டவேண்டும் என்பதன்று நம் வாதம். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயமாயிற்று. 2021-இல் நடுவண் அரசு வகுத்த விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த தொன்மை வாகனங்களுள் முன்பே பதிவானவை தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ள இடமளித்தன. தகடு மாறலாம், எண் நிலைக்கும். பொருளுக்கும் வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை மெய்யியலார் நெடுங்காலம் விளக்கி வந்துள்ளனர். இங்கோ சட்டமே அதனை எளிமையாகச் சொல்லிவிட்டது.

புதுப்பித்தல் என்பது பழையதைப் பொய்யாக இளமையாக்குவதன்று. அது தன் உண்மையைத் தானே சொல்ல வழிவிடுவது. தெரிந்ததைத் துலக்கவும் தெரியாததை விட்டுவைக்கவும் கற்ற கை, ஒரு தகட்டை மட்டுமா காக்கும்? மனிதரின் கடந்தகாலத்தைப் பற்றிப் பேச நேரும்போதும் அக்கையின் அடக்கம் நம் நாவுக்கு வேண்டும்.