முன்னால் இல்லாதவரைப் பற்றி

மார்டள்ளியில் தவக்காலம் வந்துவிட்டால் ஒருசந்தி நோன்பு இருப்பவர்கள் உண்டு. கறியை விடுவார்கள், சிலர் பீடியையும் விடுவார்கள். நாக்கு தின்பதற்குக் கணக்கு இருக்கிறது, பேசுவதற்கு இல்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும், அடுத்த தெருப் பெண்ணின் கல்யாணம் ஏன் நின்றது என்று ஆரம்பித்துவிடுகிறோம். புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதியை நாவுக்கே கொடுத்திருக்கிறார். அந்த வாசகத்துக்கும் தலையாட்டியவர்கள்தான் நாம்.

நாவு செய்யும் கேட்டை இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டிய தமிழர் ஊர் இது. சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த கோபிநத்தமும் இந்தப் பக்கம்தான். 2004 அக்டோபரில் அவன் சுட்டுக்கொல்லப்படும்வரை ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'தகவல் கொடுத்தவன்' என்ற பேச்சு காட்டுக்குள் போனால் வீரப்பனுடைய ஆட்கள் வருவார்கள். 'அரிசி கொடுத்தவன்' என்ற பேச்சு முகாமுக்குப் போனால் அவனைத் தேடிய அதிரடிப்படை வரும். யார் சொன்னது என்று கேட்டால் 'ஊரே சொல்லுது' என்பதுதான் பதில். முதலில் சொன்னவனுக்கு வெறும் வரப்புத் தகராறு இருந்திருக்கலாம்.

புறணி பேசுவது பயங்கரவாதம், குண்டை எறிந்துவிட்டு ஓடுவது மாதிரி என்று திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை சொன்னார். ரோமில் அது மிகையாகக் கேட்டிருக்கலாம். இங்கே கேட்காது.

ஆகவே 'இனிமையாகப் பேசு' என்ற அறிவுரையில் மட்டும் எனக்கு நிறைவு வருவதில்லை. முகத்துக்கு நேரே இனிக்கப் பேச எல்லோருக்கும் வரும். வட்டிக்கு விடுபவருக்கு இன்னும் நன்றாக வரும். வள்ளுவர் இனியவை கூறலை 10ஆம் அதிகாரமாகவும், புறங்கூறாமையை 19ஆகவும், பயனில சொல்லாமையை 20ஆகவும் வைத்தார். மூன்றும் இல்லறவியல். வாய்மையோ 30ஆம் அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. உரைகாரர்கள் இதற்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்குப் படுவது இதுதான்: துறவி தனியே உட்கார்ந்தும் உண்மையைக் காத்துக்கொள்ளலாம். பங்காளி, சம்பந்தி, பக்கத்து வீடு என்று வாழ்கிறவனுக்கு அன்றாடச் சோதனை, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சில்தான் வருகிறது.

வாயை மூடிக்கொண்டால் போதும் என்றும் இல்லை. அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில் தேசிய மனித உரிமை ஆணையம் குழு அமைத்தபோது, மலைக்கிராமத்துப் பெண்களும் ஆண்களும் வந்து தங்கள் உடம்புக்கு நடந்ததைச் சொன்னார்கள். 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கேட்கவே முடியாத பேச்சு, அவர்கள் சொன்னது. அதைவிடக் கருணையான பேச்சு இந்த மலையில் பேசப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நமக்கு வாய்ப்பது அவ்வளவு பெரிய சோதனை இல்லை. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இன்னொருவர் மகனைப் பற்றி ஆரம்பிப்பார். 'அது தப்பு' என்று சொல்ல வளர்ப்பு விடாது. 'நாம பார்க்கலைங்களே மாமா' என்று மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். சில சமயம் பேச்சு மழைக்கும் ராகி விலைக்கும் திரும்பிவிடும். சில சமயம் 'அப்ப நான் பொய் சொல்றேனா?' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் மனமும் நோகாமல் அதைச் சொல்லும் வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.