விளையாட்டைப் படைப்பதும் ஒரு தொழிலா?

படித்து முடித்த பிள்ளை எந்த அலுவலகத்துக்கும் செல்லாமல், வீட்டின் ஒரு மூலையில் கணினி முன் அமர்ந்து வீடியோ விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தால் பெற்றோர் கலங்குவது இயல்பே. பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதியில் அக்கலக்கம் இன்னும் ஆழமானது. விடியுமுன் படகேறி வலை வீசுவோருக்கு உழைப்பு என்பது உடல் வருந்திச் செய்வது. அதன் பயன் கரையில் வந்து இறங்குவது. ‘விளையாடுவதையே வீண் என்கிறோம், விளையாட்டைச் செய்து விற்பதும் ஒரு தொழிலா?’ என்று அவர்கள் கேட்டால், அது எள்ளி நகைக்கத் தக்க வினா அன்று. அது ஓர் அறநெறி வினா.

இவ்வினா பழமையானதும்கூட. 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதனை ஆராய்ந்தார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்றார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அளவோடு விளையாடத் தெரிவதை ஒரு நற்பண்பாகவே கொண்டார். பிறரை மகிழ்விக்கும் கூத்தரின் தொழில் தன்னளவில் தீயதன்று. அதற்கு அளவோடு ஊதியம் தருவதும் நீதியே என்றார். அளவு மீறும்போது அது குற்றமாகும் என்று எல்லையும் வகுத்தார். ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறொன்று: அந்த அளவைக் காக்கும் பொறுப்பு யாருடையது? ஆடுபவருடையதா, ஆட்டத்தை ஆக்கியவருடையதா?

2013-இல் வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் என்னும் இளைஞர் ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்ற கைபேசி விளையாட்டைத் தனியொருவராக உருவாக்கினார். குழாய்களின் இடைவெளியில் ஒரு சிறு பறவையைப் பறக்கவிட வேண்டும், அவ்வளவே. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவியது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாகச் செய்திகள் வெளியாயின. அந்த உச்சத்தில், 2014 பிப்ரவரியில், அவரே அதை அகற்றினார். இளைப்பாறும் சில நிமிடங்களுக்காகச் செய்தது மக்களை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்று காரணம் கூறினார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தம் படைப்புக்குத் தாமே உரியவராய் இருந்ததால், மனச்சான்றின் குரலுக்கு அவரால் உடனே செவிசாய்க்க முடிந்தது.

நம் மொழியோடு தொடர்புடைய சான்றும் உண்டு. கனடாவின் டொரொன்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அன்னை தந்த சமையற் குறிப்பேட்டில் சிதைந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்கிறாள். இட்லியும் புட்டும் வேகும்போதே, அவளுக்கும் மகனுக்கும் இடையே மொழியாலும் பண்பாட்டாலும் விரியும் தொலைவு நமக்குப் புரிகிறது. முழுவதையும் ஆட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகும். பின் அது முடிந்துவிடுகிறது. ஆடியவர் எழுந்து சென்று தம் தாயை நினைக்கலாம். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது. முடியத் தெரிந்த விளையாட்டுக்கும் மதிப்பு உண்டென்பது இதனால் விளங்கும்.

எனினும், இப்பாதை எளிதென்று இளையோருக்குச் சொல்வது பொய்யாகும். கருவிகள் மலிந்துவிட்டன, ‘கோடோ’, ‘பிளெண்டர்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் 100 டாலர் செலுத்தி எவரும் தம் விளையாட்டை விற்பனைக்கு வைக்கலாம். ஆனால் அங்கு ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்து குவிகின்றன. வருவாயில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டைக் கடை எடுத்துக்கொள்கிறது. புனே நகரின் ‘நாடிங் ஹெட்ஸ்’ குழு ‘ராஜி’ என்னும் விளையாட்டுக்காக 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. அவ்விளையாட்டு 2020-இல்தான் வெளிவந்தது. இத்தகைய காத்திருப்பைத் தாங்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. பிழைப்புக்கு வேறொரு வேலையைப் பற்றிக்கொண்டு இரவில் தன் கனவுக்கு உழைப்பவரைக் கோழை என்று எவரும் கருதலாகாது.

வறுமையின் நெருக்கடியில்தான் சோதனையும் வருகிறது. ஆடுபவர் எழ முடியாதபடி நாள்தோறும் ஒரு பரிசு, இன்று வராவிட்டால் இழப்பு, சிறு சிறு கட்டணங்கள் என்று கண்ணி வைத்தால் பணம் வரும். பந்தயப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. பறிபோகும் பணத்துக்கு வேலியிட்டதைப் போல, பறிபோகும் மாலை வேளைக்கும் குழந்தையின் உறக்கத்துக்கும் முழுமையாக வேலியிட எந்தச் சட்டத்தால் இயலும்? அந்த வேலியைப் படைப்பவரின் உள்ளமே இட வேண்டும். ஆடுபவருக்கும் பொறுப்பு உண்டுதான்; ஆயினும் கண்ணி வைத்தவர், சிக்கியவரின் பலவீனத்தைச் சுட்டித் தாம் தப்பிவிட முடியாது.

ஆகவே பெற்றோர் பிள்ளையிடம், ‘இதில் எவ்வளவு வரும்?’ என்று கேட்கட்டும். அது நியாயமான கேள்வி. அத்தோடு, ‘உன் விளையாட்டு ஆடுபவரை எப்போது வீட்டுக்கு அனுப்பும்?’ என்றும் கேட்கட்டும். இரண்டாவது கேள்விக்கு நேர்மையான விடை வைத்திருப்பவர், வலை பின்னுபவரையும் படகு கட்டுபவரையும் போலத் தலைநிமிர்ந்து தம்மைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளலாம்.