குதிரைமேல் அமர உரியவர் யார்?

ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநோய் மருத்துவமனை ஏற்பட்டது. நாளடைவில் அவ்வூரின் பெயரையே நம் நாட்டவர் வசைச்சொல்லாக்கி விட்டனர். நோயுற்றோரையும் குறையுற்றோரையும் கண்ணுக்கு மறைவாய் வைப்பதே கருணை என்னும் எண்ணந்தான் இக்கேலியின் வேர்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடொன்று உண்டு. உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உள்ளோரைக் குதிரைமீதேற்றிப் பயிற்றுவதே அது. சிங்கப்பூரில் இதற்கென 1982-இல் ஒரு சங்கம் தோன்றிற்று. நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேலுங்கீழுமாகவும் அசைகிறது. மனிதன் நடக்கையில் அவன் இடுப்பும் ஏறக்குறைய இவ்வாறே அசையும். ஆதலின் நடக்கவியலாத பிள்ளையின் உடலும் நடையின் தாளத்தை அறிகிறது, நிமிர்ந்திருக்கப் பழகுகிறது.

"பாவம், பிறர் தூக்கி வைத்தால்தானே சவாரி!" என்பாரும் உளர். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் அம்மையார்க்கு 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலற்றுப் போயிற்று. குதிரையேறப் பிறர் துணை வேண்டியிருந்தது. ஆயினும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். ஏற்றிவிட்ட கை அவ்வெற்றியில் எத்துணையைக் குறைத்தது?

தோழர்களே! வட இந்தியாவில் தாழ்த்தப்பட்ட மணமகன் குதிரையேறினால் அடிக்கிறவர்கள் இன்றும் இருக்கின்றனர். உயரம் இன்னார்க்கே என்று பங்கிட்டவன் மனிதன்; குதிரையன்று. தன்மேல் இருப்பவன் சாதியையோ, ஊனத்தையோ அது வினவுவதில்லை. ஈப்போவிலும் குதிரைப் பந்தயம் நெடுநாளாய் உண்டு. பந்தயத்தில் பணங்கட்டுங்கால் எண்ணிப் பாராதவரே, ஊனமுற்ற பிள்ளைக்கு ஒரு குதிரை கேட்டால் செலவுக் கணக்கை விரிக்கின்றனர்.